ஒரு தலைக்கு ஒரு வில்லை

முன்னொரு காலத்தில், வேலி என்பது ஆடு மேயாமல் இருப்பதற்காக மட்டுமே போடப்பட்ட நாளில், நான்கு புறமும் மலை சூழ்ந்த ஒரு நாடு இருந்தது. உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே ஒரு கணவாய். கணவாயில் ஒரே ஒரு வாசல். அந்த நாட்டை ஆண்டவர் மகுடவர்மர். நல்ல மனிதர்தான். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்காமல் யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்றால் குடிமக்களுக்குப் பிடித்தது சனி.

ஒருநாள் அப்படித்தான் மேல்மாடத்தில் நின்று யோசித்தார். கணவாய் வழியாக ஜனங்கள் மூட்டை முடிச்சோடு போவதும் வருவதும் அவர் கண்ணில் பட்டது. உடனே விகடகவி அழகியநம்பியைக் கூப்பிட்டார்.

"நம்பி, நம் நாட்டுக்குள் வருகிறவர்கள் அதிகமா, நாட்டைவிட்டுப் போகிறவர்கள் அதிகமா?"

அழகியநம்பி ஒல்லியான ஆள். முகத்தில் பாதி மூக்கு. அந்த மூக்கைத் தடவிக்கொண்டே சொன்னான்: "காலையில் போகிறவர்கள் அதிகம், மகாராஜா. மாலையில் வருகிறவர்கள் அதிகம். போகாமலும் வராமலும் நடுவில் நிற்கிறவன் வாசல்காரன் ஒருவன்தான்."

"விளையாடாதே. ஜனங்கள் போகிறார்கள் என்றால் என் ஆட்சி பிடிக்கவில்லை என்று பொருள். வருகிறார்கள் என்றால் பிடித்திருக்கிறது என்று பொருள். எனக்கு இது தெரிந்தாக வேண்டும்."

அருகில் நின்ற மகாமந்திரி தாண்டவராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்தார். தாண்டவராயருக்கு நம்பியைக் கண்டாலே ஆகாது. மூன்று நாழிகை யோசித்து அவர் சொல்லும் யோசனைக்கு அரசர் தலையை மட்டும் ஆட்டுவார். வாய்க்கு வந்ததை நம்பி சொன்னால் வயிறு குலுங்கச் சிரித்துத் தன் தட்டிலிருந்தே வெற்றிலை எடுத்துக் கொடுப்பார். அந்த வெற்றிலை மந்திரியின் தொண்டையில் சிக்கி வருஷக்கணக்காகிறது.

"மகாராஜா, வாசலில் இரண்டு குடங்கள் வைப்போம்," என்றார் தாண்டவராயர். "ஒரு தலை வெளியே போனால் ஒரு குடத்தில் ஒரு புளியங்கொட்டை. ஒரு தலை உள்ளே வந்தால் மற்றக் குடத்தில் ஒன்று. வருஷ முடிவில் தங்கள் கேள்விக்குக் குடங்களே பதில் சொல்லும்."

அப்படியே செய்தார்கள். வருஷம் முடிந்து குடங்கள் சபைக்கு வந்தன. போனவர்கள் குடம் கழுத்துவரை இருந்தது. வந்தவர்கள் குடமோ வழிந்து, அதைத் தூக்கி வந்தவனின் தோளெல்லாம் புளியங்கொட்டை.

அரசருக்குத் தாங்கவில்லை. "பார்த்தீர்களா! என் ஆட்சியின் கீழ் வாழ ஜனங்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து குவிகிறார்கள்!"

"வந்தவர்கள் எங்கே, மகாராஜா?" என்று தாண்டவராயர் மெதுவாகக் கேட்டார். "புதிதாக ஒரு வீடு எழும்பவில்லை. புதிய முகம் ஒன்று சந்தையில் தென்படவில்லை. இத்தனை பேரும் எங்கே ஒளிந்திருக்கிறார்கள்? எதற்காக?"

அரசரின் முகத்தில் இருந்த மகிழ்ச்சி அப்படியே வடிந்துவிட்டது. சிம்மாசனத்தின் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

நம்பி எழுந்தான். "மந்திரியாரே, எண்ணியவர் அந்த முகங்களைப் பார்த்தாரா?"

"தலையை எண்ணுவதுதான் கணக்கரின் வேலை. முகம் பார்ப்பது அல்ல."

"அப்படியானால் வாசலில் போய் ஒருநாள் நாமே உட்கார்ந்து..."

"நம்பி, இது சிரிக்கிற விஷயம் அல்ல," என்று அரசர் கையை உயர்த்தினார். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலையே சட்டம் பிறந்தது. நாட்டைவிட்டுப் போகிறவருக்கு வாசலில் முத்திரை குத்திய மண்வில்லை ஒன்று தரப்படும். திரும்பி வரும்போது அதைக் கொடுத்தால்தான் கதவு திறக்கும். ஒரு தலைக்கு ஒரு வில்லை. வெளியூர் வியாபாரிகள் வாசலுக்கு வெளியிலேயே கடை போட்டுக்கொண்டு அப்படியே திரும்பிவிட வேண்டும். ஏற்கெனவே வெளியே போயிருந்த குடிமக்களுக்கு ஆள் மூலம் வில்லை அனுப்பப்பட்டது, ஆளுக்கு ஒன்று. வில்லை இல்லாத தலையை எவர் உள்ளே விட்டாலும் அவர் நாட்டைவிட்டுப் போக வேண்டும், அது மந்திரியே ஆனாலும் சரி என்று கடைசியில் ஒரு வரியைத் தாண்டவராயர் தானாகவே சேர்த்தார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாட்டு ஆண்களுக்கு மலைக்கு அப்பால் பெண் எடுப்பதில் தனி ஆசை. அப்படி வந்த பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பாவிட்டால் சம்பந்தி வீட்டார் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அரசி இன்பவல்லியும் அப்போது வளைகாப்பு முடிந்து தாய்வீட்டில்தான் இருந்தாள். நம்பியின் மனைவி கோதைநாச்சியும் தாய்வீட்டில்தான். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரிந்ததாலேயே யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

சட்டம் வந்த சில நாளில், கொட்டுகிற ஐப்பசி மழையில், கோதைநாச்சி கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். சேதி கேட்டு நம்பி ஓடினான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. அவன் இன்னும் முகம் பார்க்கவில்லை.

அங்கே கதவு பாதி திறந்திருந்தது. நடுவில் வாசல்காரன் முத்திருளன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"சாமி, எம்மேல கோவிச்சுக்காதீங்க. வில்லை ஒண்ணுதான் இருக்கு. தலை ரெண்டு இருக்கு. ஒண்ணு அம்மா வரலாம், இல்லாட்டி புள்ள வரலாம். யாருன்னு நீங்களே முடிவு பண்ணிச் சொல்லிருங்க."

"நல்லாருக்குய்யா உன் நியாயம்!" என்று கோதைநாச்சி வெளியிலிருந்து கத்தினாள். "பச்சப்புள்ளைய உள்ள விட்டுட்டு நான் இங்க மழையில நிக்கவா? பாலு யாரு குடுப்பா, நீ குடுப்பியா?"



நம்பிக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. வழிந்த குடம் விளங்கியது. ஒளிந்திருக்கும் அந்நியர்கள் யார் என்பதும் விளங்கியது. வேறொரு நாளாக இருந்தால் தரையில் விழுந்து புரண்டு சிரித்திருப்பான். ஆனால் மழையில் நனைவது அவன் பிள்ளை. சிரிப்பு வரவில்லை.

அதற்குள் தாண்டவராயர் குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். இப்படி ஒரு காட்சியைத் தவறவிட அவருக்கு மனம் வருமா?

"மந்திரியாரே," என்றான் நம்பி, "என் மனைவி போகும்போதே இரண்டு பேராகத்தான் போனாள். எண்ணியவர் கண்ணுக்கு ஒருவர்தான் தெரிந்தார். பிழை போன கணக்கில் இருக்கிறது, வந்த கணக்கில் இல்லை. போன குடத்தில் இன்னொரு புளியங்கொட்டை போட்டுவிட்டு என் மகளை உள்ளே விடுங்கள்."

"கண்ணில் படாதது கணக்கில் வராது," என்றார் தாண்டவராயர். "இந்தக் குழந்தை அந்நிய மண்ணில் பிறந்து முதல்முறையாக நம் நாட்டுக்குள் நுழையப் பார்க்கிறது. எனவே அந்நியர். ஆனாலும் நான் கல்நெஞ்சக்காரன் அல்லன். உள்ளே இருக்கும் ஒரு தலை வெளியே போனால் ஒரு வில்லை கிடைக்கும். அந்த வில்லையில் குழந்தை வரலாம். கணக்கும் கெடாது." சொல்லிவிட்டு நம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "யார் போகப்போகிறீர்கள்?"

நம்பிக்குப் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. முத்திருளனிடம் வில்லையை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டினான். துணியை விலக்கி மகளின் முகத்தைப் பார்த்தான். கண் மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கு அவளம்மா மூக்கு. அந்த மட்டில் பிழைத்தாள் என்று நினைத்துக்கொண்டான். வில்லையை அவள் பிஞ்சுக் கைக்குள் வைத்தான்.

"நீங்க வெளிய நின்னா, நான் உள்ள போயி என்னங்க பண்றது?" என்று கோதைநாச்சி அழுதாள்.

"புள்ளைக்கு ஈரம் ஆகாது. மொதல்ல வீட்டுக்குப் போ. நான் எப்படியாச்சும் வந்துருவேன்."

கதவு மூடியது. தாண்டவராயர் அன்று இரண்டு பங்கு சாப்பிட்டார் என்று கேள்வி.

நம்பி வெளியே ஓர் இலுப்பை மரத்தடியில் ஓலை மறைப்புக் கட்டிக்கொண்டான். தனியாக இருக்கப்போகிறோம் என்று நினைத்தவனுக்கு மறுநாளே துணை வந்தது. குதிரை லாயத்துக் கண்காணிப்பாளருக்கு ஆண் குழந்தை. அவரும் தன் வில்லையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றார். பிறகு நெல்வயல்காரர் இருவர். பிறகு வண்ணான்துறைப் பெரியவர் ஒருவர், பேரனுக்காக. ஒருநாள் சேனாபதி ஏழுமலையாரே மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தாய்வீட்டிலிருந்து பிள்ளை வரவர, உள்ளேயிருந்து அப்பன்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இலுப்பை மரத்தைச் சுற்றி ஓர் ஊரே முளைத்துவிட்டது. நம்பி அதற்கு அப்பன்பாளையம் என்று பெயர் வைத்தான்.

அந்த ஊரில் ஒருவருக்கும் சமைக்கத் தெரியாது. கஞ்சி அடிப்பிடிக்கும். அடிப்பிடிக்காத அன்று வேகாது. போர்க்களத்தில் யானையை மறித்த சேனாபதி, அடுப்பில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் கலங்கி உட்கார்ந்திருப்பார்.

சாயங்காலத்தில் பெண்கள் மதிலுக்கு உட்புறம் வந்து நின்று குரல் கொடுப்பார்கள். மழைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொண்டுவருவதில்லை. கோதைநாச்சியின் குரலைக் கேட்டதும் நம்பி மதிலில் காதை ஒட்டிக்கொள்வான்.

"இன்னிக்கிப் புள்ள சிரிச்சாங்க!"

"யாரப் பாத்து?"

"சுவத்துல மாட்டியிருக்க உங்க தலப்பாகையப் பாத்து!"

அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஓலைக்குள் போனதும் நம்பி நெடுநேரம் தூங்காமல் கிடப்பான். ஊரையெல்லாம் சிரிக்கவைத்தவன், தன் பிள்ளையின் சிரிப்பைத் தலைப்பாகைக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இங்கே கிடக்கிறோமே என்று நெஞ்சு வலிக்கும்.

உள்ளே குடங்கள் இரண்டும் சரிசமமாக நின்றன. உழவுக்கு ஆள் இல்லை. லாயத்தில் குதிரைகள் தம் இஷ்டத்துக்குக் கனைத்தன. "சேனாபதி எங்கே?" என்று அரசர் கேட்டால், "கணக்கு சரியாக இருக்கிறது, மகாராஜா," என்று தாண்டவராயர் பதில் சொல்வாராம். "நம்பி எங்கே?" என்றால், "தன் விருப்பத்தின் பேரில் வெளியேறினார்," என்பாராம். புதிதாக வந்த அப்பன் ஒருவன்தான் இதைச் சொன்னான். "அரமனையில இப்பச் சிரிப்புச் சத்தமே இல்லீங்க. ராசா வெத்திலைய வெறுமன பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்காரு."

நம்பி மூக்கைத் தடவிக்கொண்டான். அரசிக்கு ஆண் குழந்தை பிறந்த சேதி அவனுக்கும் வந்திருந்தது. அரசி திரும்புவதற்கு வழி அந்த ஒரே வாசல்தான். காத்திருந்தான்.

அந்த நாளும் வந்தது. மேளதாளத்தோடு பல்லக்கு மலையிறங்கி வந்து, முதலில் அப்பன்பாளையத்தில் நின்றது. அரசி திரையை விலக்கினாள். "நம்பியாரே, நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"தங்களை வரவேற்க முன்னதாகவே வந்து காத்திருக்கிறேன், மகாராணி. கொஞ்சம் அதிகமாகவே முன்னதாக வந்துவிட்டேன்." வணங்கியபடி பல்லக்குக்குள் பார்த்தவன் கண்ணை அகல விரித்தான். அரசியின் மடியில் ஒரு குழந்தை. தோழியின் மடியில் இன்னொன்று.

"இரட்டை," என்று அரசி சிரித்தாள். "ஒன்றைத்தான் சொல்லி அனுப்பினேன். மற்றது மகாராஜாவுக்கு வியப்பாக இருக்கட்டும் என்று."

"வியப்பு மகாராஜாவுக்கு மட்டும் இல்லை," என்றான் நம்பி.

வாசலுக்கு உட்புறம் அரசர் பூரணகும்பத்தோடு நின்றார். அவருக்கு அருகில் தாண்டவராயர் பட்டுத் துணியில் சுற்றிய ஒரு வில்லையோடு நின்றார். இளவரசருக்காக அவரே முத்திரை குத்தி எடுத்து வைத்திருந்தார். அரசி ஒரு வில்லையைக் கொடுத்தாள். தோழியும் சுமப்போரும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தாண்டவராயர் புன்னகையோடு பட்டுத் துணியை அவிழ்த்தார். அப்போதுதான் இரண்டாவது குழந்தை வீறிட்டது.

தாண்டவராயரின் புன்னகை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

"மந்திரியாரே," என்று நம்பி வெளியிலிருந்து குரல் கொடுத்தான். "முதல் குழந்தைக்கு வில்லை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. யாரோ அப்பன் வெளியே போயிருப்பார். இரண்டாவது தலைக்கு வில்லை எங்கே? ஒரு தலைக்கு ஒரு வில்லை அல்லவா?"

"நம்பியின் குரல்!" என்றார் அரசர். "தாண்டவராயரே, என்ன இது? கதவை விரியத் திறவுங்கள்!"

"மகாராஜா, சட்டப்படி... உள்ளேயிருந்து யாராவது ஒருவர் வெளியே போனால்..." என்று மந்திரி சுற்றிலும் பார்த்தார். கூட்டம் முழுவதும் ஓரடி பின்வாங்கியது.

"தாங்களே போகலாமே," என்றான் நம்பி.

"நான் போனால் கணக்கை யார் பார்ப்பது?"

குழந்தை விடாமல் அழுதது. அரசருக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. முத்திருளன் கையிலிருந்து ஒரு வில்லையைப் பிடுங்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டினார். அழுகை நின்றது. வில்லையைப் பிள்ளையின் கையில் வைத்து, அரசியையும் இரு குழந்தைகளையும் உள்ளே அனுப்பினார். பிறகு தானும் பின்னால் நடந்தார்.

முத்திருளன் கும்பிட்டுக்கொண்டே குறுக்கே நின்றான். "மன்னிச்சுக்கங்க ராசா... வில்லை?"

அரசர் தம் வெறும் கைகளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். திரும்பினார். இலுப்பை மரத்தடியில் சேனாபதி கரண்டியோடு எழுந்து நின்று வணங்கினார். அவருக்குப் பின்னால் லாயத்துக்காரர், நெல்வயல்காரர்கள், பாதி சபை.

"நீங்கள் எல்லோரும் இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"மகாராஜா செய்ததைத்தான்," என்றான் நம்பி. "பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நிற்கிறோம். தாங்களும் சேர்ந்ததில் அப்பன்பாளையத்துக்குப் பெருமை. கஞ்சி குடிக்கிறீர்களா? இன்று அடிப்பிடித்த நாள்."

அரசர் ஓலைப்பாயில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி குடித்தார். முகம் கோணியது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "நம்பி, என் நாட்டில் ஒளிந்திருக்கும் அந்த அந்நியர்கள் யார்? உனக்குத் தெரியுமா?"

"இப்போது தோளில் போட்டுத் தட்டினீர்களே, மகாராஜா, அவர்தான். போகும்போது அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தார். அதனால் போன குடத்தில் அவருக்குப் புளியங்கொட்டை விழவில்லை. வந்த குடத்தை நிரப்பியதெல்லாம் இந்த ஆட்கள்தான். பாலைக் குடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறார்கள். ஊருக்குள் இவர்கள் செய்யும் சதி அவ்வளவுதான்."

அரசர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு கஞ்சிக் கலயம் கவிழ்ந்தது. பாயில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பன்பாளையமே சிரித்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரிப்பதும் கேட்டது.

"சரி, நான் எப்படி உள்ளே போவது?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார் அரசர்.

"இரண்டு வழி, மகாராஜா. மந்திரியார் வெளியே வந்து தம் வில்லையைத் தங்களுக்குக் கொடுக்கலாம். அல்லது வில்லை இல்லாத தங்கள் தலையை அவரே உள்ளே விட்டுவிட்டு, அவர் சேர்த்த கடைசி வரிப்படி நாட்டைவிட்டுப் போகலாம். எதை வேண்டுமானாலும் அவரே முடிவு பண்ணிச் சொல்லட்டும்."

தாண்டவராயர் வாசலின் நடுவில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். கடைசியில் ஒரு வில்லையை எடுத்துக்கொண்டு தலைகுனிந்து வெளியே வந்து அரசரின் கையில் வைத்தார்.

அரசர் அதை வாங்கி மதிலில் ஓங்கி அடித்தார். வில்லை பொடியாகியது. "முத்திருளா, கதவைக் கழற்றி இவர்களுக்கு விறகாகக் கொடு. இனி இந்த வாசலில் சட்டம் ஒன்றுதான். தாய்வீட்டிலிருந்து எந்தப் பெண் வந்தாலும் மந்திரி தாண்டவராயர் எழுந்து நின்று, குழந்தையின் முகத்தைப் பார்த்து, ஒரு தாலாட்டுப் பாடி உள்ளே அனுப்ப வேண்டும். முகம் பார்ப்பதும் இனி அவர் வேலைதான்." பிறகு கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். "நம்பி, இந்தா!"

நம்பி அங்கே இல்லை. கதவு அசைந்ததுமே ஓடியிருந்தான். நாட்டின் பாதி அப்பன்கள் அவன் பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு ஓடினார்கள். அரசரும் மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

அவர் நம்பியின் வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே வீட்டுக்கூரை அதிர அழுகை. நம்பி மகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தான். அவன் தாடியையும் மூக்கையும் பார்த்துப் பார்த்துக் குழந்தை கத்தியது.

"இதென்ன, இவ என்னை யாருன்னு நெனைக்கிறா?" என்றான் நம்பி.

"யாரோ அந்நியர்னு நெனைக்கிறா," என்றாள் கோதைநாச்சி. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "நீங்க உள்ள வந்து இன்னும் அரை நாழிகை ஆகலியே. வெளிய அனுப்பாம வச்சிருந்தா பழகிக்குவா."

நிலைப்படியில் நின்றிருந்த அரசர் சிரித்த சிரிப்பில் குழந்தை திடுக்கிட்டு அழுகையை நிறுத்தியது. அவர் முத்துமாலையை நம்பியின் கழுத்தில் போட்டார். அந்நியரை ஒரு கண்ணால் அளந்து பார்த்துவிட்டு, அவள் ஒரு கையை நீட்டி மாலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.